யாருடைய முறை, யார் எழுதிய முறை

சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்றால் இன்று மனைகளும் அடுக்குமாடிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு காலத்தில் இவை ஏரிப்பாசன ஊர்கள். இந்த வட்டாரத்து ஏரிகளில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று மடைக்கு மடை நின்று முறை வைத்தவர் நீர்க்கட்டி; பல ஊர்களில் தலித். அந்த முறை அவர் தலைக்குள்தான் இருந்தது. வயல் போனது, அவர் போனார், முறையும் போனது.

கணிப்பொறிக்குள் இதே வேலையைச் செய்வது ஷெட்யூலர். நூறு நிரல்கள் 'எனக்கு, எனக்கு' என்று நிற்கின்றன. செயலிகளோ நாலு, எட்டு. யார் முதலில், எத்தனை மில்லி செகண்ட், யார் காத்துக்கிடப்பது என்று ஓயாமல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது அது. தொழில்நுட்பம் என்று நாம் ஒதுக்கிவைத்த இடத்தில் பங்கீட்டின் அரசியல் அப்பட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

லினக்ஸில் இந்தச் சண்டை பகிரங்கமாகவே நடந்தது. கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்கமருந்து மருத்துவர். நிரல் எழுதுவது அவர் பிழைப்பு அல்ல. பெரிய சர்வர்களுக்காகவே கெர்னல் வளர்கிறது, வீட்டில் உபயோகிப்பவன் காத்துக்கிடக்கிறான் என்பது அவர் வாதம். சம பங்கு அடிப்படையில் ஒரு ஷெட்யூலர் எழுதினார். 2007இல் இங்கோ மோல்னார் அந்தக் கருத்துக்கு அவரை அங்கீகரித்துவிட்டு, தானே வேறொன்று எழுதினார்: 'முழு நியாய ஷெட்யூலர்', சுருக்கமாக சி.எஃப்.எஸ். கெர்னலில் சேர்ந்தது அதுதான். கோலிவாஸ் ஒதுங்கினார். 2009இல் இன்னொரு சோதனை ஷெட்யூலரோடு திரும்பினார், மையத்தில் சேர்க்கும் உத்தேசமே இல்லை என்று சொல்லிக்கொண்டே. 2021இல் கை ஓய்ந்தது. நிரல் முழுக்கத் திறந்தே கிடந்தது, உண்மை. ஆனால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதைப் பொருத்த ஒரு கை வேண்டுமே.

'நியாயம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். யாருக்கும் யாருக்கும் இடையில்? சி.எஃப்.எஸ். முதலில் நிரல்களைத்தான் எண்ணியது. ஐம்பது நிரல் ஓட்டுகிறவருக்கு ஐம்பது பங்கு, ஒன்று ஓட்டுகிறவருக்கு ஒன்று. பெங்களூர் ஐ.பி.எம்.மில் இருந்த ஸ்ரீவத்ஸ வத்தகிரி முதலானோரின் உழைப்பில், 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் குழுவாரிப் பங்கீடு சேர்ந்தது: முதலில் ஆட்களுக்கிடையில் பிரி, பிறகு அவரவர் நிரல்களுக்கிடையில். எண்ணும் அலகு மாறியதும் நியாயமே மாறிவிடுகிறது. பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, எழுதிவைத்தால்தான் உண்டு.

எழுதினாலும் நிற்கிறதா? சி.எஃப்.எஸ்.ஸின் திருகுகளை 5.13 கெர்னல் 2021இல் பிழைதேடுவோருக்கான மூலைக்கு நகர்த்தியது. 2023இல் 6.6 கெர்னலில், 1995இன் ஆய்வுக்கட்டுரை ஒன்றை வைத்து எழுதிய ஈ.ஈ.வி.டி.எஃப். முறை வந்ததும் சில திருகுகளே காணாமல்போயின. பழைய குறிப்பேடெல்லாம் செல்லாக்காசு.

சானடோரியத்தில் ஒரு நண்பர் அறையில் பத்திரிகைக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தோம். சோதனை ஷெட்யூலர் உள்ள கெர்னல் ஒன்றை யாரோ ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பாட்டு தடங்கலில்லாமல் ஓடியது. பக்கம் கட்டும் நிரல் உறைந்து நின்றது. எதை மாற்றினார் என்று ஒரு வரி இல்லை. கேட்டால், "எங்கிட்ட நல்லாத்தான் ஓடுச்சு."

2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் ஷெட்-எக்ஸ்ட் சேர்ந்தது. மெட்டா, கூகுள் பொறியாளர்கள் எழுதியது; ஷெட்யூலர் பொறுப்பாளர்களில் ஒருவரான பீட்டர் ஸீல்ஸ்ட்ரா எதிர்த்தும் லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே சொந்த ஷெட்யூலரை ஏற்றலாம், இறக்கலாம். இடைமுகம் மாறாது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதை அதன் ஆவணமே தனித்தலைப்பில் சொல்லிவிடுகிறது. ஓடத் தயாராக நிற்கும் ஒரு நிரலைக் குறித்த கெடுவுக்கு மேல், அதிகபட்சம் 30 வினாடி, காக்கவைத்தால் கெர்னலே அந்த ஷெட்யூலரை இறக்கிவிட்டு வழக்கமான முறைக்குத் திரும்பிவிடும். தொழிலில் இந்தக் காத்திருப்புக்குப் பெயரே பட்டினி. ஒற்றை நிரலின் பட்டினிக்காக மொத்தச் சோதனையும் ரத்து! பெருநிறுவனங்களின் சரக்கு என்று தெரிந்தும் இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

சானடோரியத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி. வளாகத்து ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து நடத்திய திட்டத்திலிருந்துதான் 2007இல் பாஸ் லினக்ஸ் வந்தது. கெர்னல் ஆவணங்களின் மொழிபெயர்ப்பு வரிசையில் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் உண்டு; தமிழ் இல்லை. அந்த 30 வினாடி விதியிலிருந்து நாங்கள் மூன்று பேர் ஆரம்பித்திருக்கிறோம். 'கெடு'வா 'தவணை'யா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.