மாங்கா: ஒரு சொல்லின் முழங்கை

கே.கே. நகர்த் தெருக்கிரிக்கெட்டில் ஓங்கி அடிப்பதற்கென்று ஒரு சொற்கிடங்கே உண்டு. சாத்துறான், வெளுக்கிறான், பொளக்கிறான், கிழிக்கிறான். இவற்றில் ஒன்றுகூட மைதானத்தில் பிறந்ததில்லை. வாத்தியார் பையனைச் சாத்துவார், போலீஸ் லாக்கப்பில் வெளுக்கும். அந்த வெளுப்பும் அதற்கு முன் சலவைத் துறையிலிருந்து வந்தது. பகலெல்லாம் அடி வாங்குகிறவன், சாயங்காலம் மட்டை கைக்கு வந்ததும் அடிக்கிறவனின் வினைச்சொற்களைக் கைப்பற்றிக்கொள்கிறான். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்ரீகாந்த் ஒரு முழங்காலை ஊன்றி ஆன்டி ராபர்ட்ஸை பவுண்டரிக்கு விரட்டினாரே, அது எங்கள் தெருவுக்கு ஸ்கொயர் டிரைவ் கிடையாது. 'சீக்கா சாத்தினான் பாரு', அவ்வளவுதான். (அவர் எடுத்த 38தான் அந்த ஆட்டத்திலேயே அதிகம். சொல்லாமல் நகர மனசு வரவில்லை.)

எறிதலுக்கு வந்தால் சொல்லாடலே மாறுகிறது. அங்கே ஆள்வது 'மாங்கா'. கையை மடக்கி, விசுக்கென்று நீட்டி வீசும் பந்துவீச்சு. அடுத்த வீட்டு மாமரத்தைக் கல்லால் அடித்த கை. அமெரிக்க பேஸ்பாலிலும் தீனிப் பெயர் உண்டு, வேகப்பந்தை 'சீஸ்' என்பார்கள். எறிவதே அங்கே ஆட்டம் என்பதால் அது பாராட்டு. இங்கே மாங்கா திருட்டுப் பட்டம். அதே கை எல்லைக்கோட்டிலிருந்து ஸ்டம்பைப் பெயர்த்தால் 'செம த்ரோடா'. பந்துவீச வந்தால் நோ-பால்.

1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர், முரளிதரன் வீசியதை ஏழு முறை எறி என்றார். பிறவியிலேயே முழுசாக நீளாத முழங்கை அது. 2004 சாம்பியன்ஸ் டிராபியில் படமெடுத்து அளந்தபோது கிட்டத்தட்ட எல்லாப் பந்துவீச்சாளர்களின் கையும் கொஞ்சமாவது மடங்கி நீள்வது தெரிந்தது. 2005இல் ஐ.சி.சி. 15 டிகிரி வரை அனுமதித்தது. அதுவரை எல்லோர் கையிலும் இருந்த மாங்காவை நடுவரின் கண் சிலரிடம் மட்டுமே பார்த்துவந்திருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் வருவதற்குப் பல வருஷம் முன்பு, எம்.ஜி.ஆர். நகர்ப் பக்கமிருந்து ஒரு பையன் எங்களோடு ஆட வந்தான். நாங்கள் ஹவுசிங் போர்டுப் பையன்கள், இரண்டு பேர் கோச்சிங் போனவர்கள். அன்றைக்கு நான் அம்பயர். அவன் பந்து கண்ணுக்கே தெரியவில்லை. மூன்று முறை 'மாங்கா' என்று கையை நீட்டினேன். அவன் முழங்கையைப் பார்த்தேனா, செருப்பில்லாத காலைப் பார்த்தேனா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. அவன் தகராறு பண்ணவில்லை. 'அப்ப ஃபீல்டிங் மட்டும் பண்றேண்ணா' என்றான். தூரத்திலிருந்து எறிந்தே இரண்டு பேரை ரன் அவுட் ஆக்கினான். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.