மஞ்சள் தூளுக்குச் சொந்த மார்க்கு

ஈரோடு, பெருந்துறை, கோபிசெட்டிபாளையம் முதலிய இடங்களிலுள்ள விற்பனைக்கூடங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், கமிஷன் மண்டிகளிலும் வருஷந்தோறும் ஏலத்திற்கு வரும் மஞ்சளில் பெரும்பாகம் பெயரில்லாமலே வெளியூர் போகிறது. விரலி என்றும் கிழங்கு என்றும் பிரிக்கப்பட்டு, நிறம் பார்த்து, ஈரம் பார்த்து, விலை படிந்த பிறகு, அது யாருடைய காட்டில் விளைந்தது, யார் வேகவைத்துக் காயவைத்தார் என்பதெல்லாம் மறைந்துவிடுகிறது. நன்றாய்ப் பக்குவம் செய்தவரின் சரக்கும், அரைகுறையாய் வேகவைத்தவரின் சரக்கும் ஒரே ஆலையில் ஒன்றாக அரைபடுகின்றன. ஆகையால், மண்டியில் இருபது முப்பது வருஷம் பழகிய சிறு வியாபாரிக்கும், மஞ்சள் விளைவிக்கும் நிலச்சுவான்தாருக்கும், தம் சரக்கைத் தாமே அரைத்துப் பொட்டலம் கட்டித் தம்முடைய மார்க்கில் விற்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

இவ்வெண்ணம் புதியதன்று. பெருந்துறையில் பி. சி. துரைசாமி என்பவர் 1975-ம் வருஷத்தில் சக்தி டிரேடிங் கம்பெனி என்ற பெயரால் சிறிய அளவில் மஞ்சள் வியாபாரம் தொடங்கி, பின்னர் மஞ்சள், மிளகாய், மல்லித் தூள்களில் இறங்கினார். 1977-ல் சக்தி மசாலா என்ற மார்க்கு ஏற்பட்டது. அது இன்று எத்தனை சமையலறைகளில் பழகிய பெயராயிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இத்தகைய வெற்றியைக் கண்டு இறங்குவோரில் பலர் முதலில் கவனிப்பது மார்க்கையே. படம் எழுதுவோரையும் அச்சுக்கூடத்தாரையும் தேடிப் போகிறார்கள். அவர்கள் முதலில் போகவேண்டிய இடம் தங்கள் கிடங்கு.

முகத்தின் நாணயம்

பழைய வியாபாரியின் நாணயம் அவர் முகத்தைப் பற்றி நிற்பது. இருபது வருஷமாய் வாங்குபவருக்கு ஒரு தடவை ஈரச் சரக்கு போய்விட்டால், மறுநாள் காலையில் அவர் வந்து சத்தம் போடுவார். எடையில் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தால் விஷயம் அதோடு தீர்ந்துபோகும். திருநெல்வேலியில் ஒரு மளிகைக் கடையில் 100 கிராம் பொட்டலம் வாங்கும் குடும்ப ஸ்திரீ அவரைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. தூளில் மணமில்லையென்றால் அவள் சத்தம் போடமாட்டாள். அடுத்த மாதம் வேறு பொட்டலத்தை எடுத்துக்கொள்வாள். கடைக்காரரும் காரணம் சொல்லமாட்டார். “ஓடவில்லை” என்று மட்டும் சொல்லி மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பார். வியாபாரி இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாக நின்று ஜவாப் சொல்லவேண்டிய ஆளே மார்க்கு என்பது. அந்த ஆளுக்கு வாய் கிடையாது. பொட்டலத்திற்குள் இருப்பதுதான் அவன் சொல்லும் ஜவாப்.

மண்டிப் பழக்கங்கள் சில இவ்விடத்தில் பாதகமாய் முடியும். மண்டியில் சரக்குத் திறந்து கிடக்கிறது. வாங்குபவர் கண்ணால் பார்த்துக் கையால் ஒடித்து வாங்குகிறார். இன்று வந்த சரக்கு நேற்று வந்ததைப்போல் இருக்கவேண்டுமென்று அங்கே யாரும் கேட்பதில்லை. தரத்திற்குத் தக்கபடி விலை இறங்கிவிடும். மூடிய பொட்டலத்திலோ விலை முன்பே அச்சடிக்கப்பட்டிருக்கிறது. தரம் இறங்கினால் விலை இறங்க வழியில்லை, நம்பிக்கைதான் இறங்கும்.

ஆனால் பணத்தை மட்டும் கொண்டு புதிதாய் வருபவருக்கு இல்லாத ஒரு முதல் பழைய வியாபாரியிடம் உண்டு. விரலியை ஒடிக்கும்போது கணீரென்று கேட்கும் ஓசையைக்கொண்டு காய்ச்சலையும், ஒடித்த இடத்தின் நிறத்தைக்கொண்டு வேக்காட்டையும் அவர் சொல்லிவிடுவார். எந்த ஊர்ச் சரக்கில் வண்டு சீக்கிரம் விழும், எந்த விவசாயி ஈரத்தோடு கட்டமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். இவ்வறிவைக் கொள்முதலில் செலவிட்டால் போதும். விளம்பரத்தில் பாதிச் செலவு மிச்சமாகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவரிடம் மூட்டைக் கணக்கில் மஞ்சள் வாங்கிவரும் தூள் கம்பெனிக்காரர், அவரே தூள் போடத் தொடங்கினால் அவரைப் போட்டிக்காரராகவே நினைப்பார். பொட்டலத்தில் வரக்கூடிய லாபம், அந்த மூட்டை வியாபாரம் கைவிட்டுப் போனால் ஏற்படும் நஷ்டத்தை ஈடுசெய்யுமா என்பதை முதல் வருஷத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. வெளியூர் மார்க்குக்காரர் புகாத சரக்கொன்றைத் தேர்ந்து தொடங்குவதும், பழைய வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் மரியாதைக்கும் வியாபாரத்திற்கும் பொருந்தும்.

எல்லாப் பொட்டலமும் ஒன்றாயிருத்தல்

மஞ்சள் தூளுக்குச் சட்டப்படி உள்ள அளவுகளை வியாபாரி மனப்பாடமாய் வைத்திருக்கவேண்டும். ஈரம் 100-க்கு 10-க்கு மேற்படக்கூடாது. மொத்தச் சாம்பல் 9-க்கு மேற்படக்கூடாது. குர்குமின் வகைச் சத்து 2-க்குக் குறையக்கூடாது. சேர்த்த வண்ணம் எதுவும் இருக்கக்கூடாது. இவை கீழ்வரம்புகளே. வாங்குவோர் பழகுவது அவர்களுக்கு முதலில் கிடைத்த பொட்டலத்தின் நிறத்திற்கும் மணத்திற்கும். ஆகையால் பல லாட்டுகளைத் தனித்தனியே அரைத்து விற்பதைவிட, மூன்று நான்கு நல்ல லாட்டுகளைச் சோதனை பார்த்து ஒரே விகிதத்தில் கலந்து அரைப்பது மேல். ஒவ்வொரு அரவைக்கும் ஒரு எண் கொடுத்து, அதிலிருந்து கால் கிலோ எடுத்து மூடிவைத்து, அந்த அரவையின் பொட்டலங்கள் கடையில் தீரும்வரையில் காக்கவேண்டும். புகார் வந்தால் எடுத்துப் பார்க்க இதைவிடச் சாட்சியில்லை.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மங்கலான மஞ்சளைப் பளபளப்பாய்க் காட்டுவதற்கு மெருகிடும்போது ஈயக் குரோமேட்டு என்னும் சாயப்பொடியைத் தூவும் வழக்கம் தெற்காசியாவில் சில இடங்களில் இருந்துவந்திருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பங்களாதேசத்தில் ஜனங்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதற்கு இவ்வாறு கலப்படம் செய்த மஞ்சளே முக்கிய காரணம் என்பதை 2019-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவ்வருஷம் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 100-க்கு 47-ல் ஈயம் காணப்பட்டது. அந்நாட்டுச் சர்க்கார் எச்சரிக்கை பரப்பி, மொத்தச் சந்தையைச் சோதித்து, அபராதமும் விதித்தது. 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் காணப்படவில்லை. இந்தியாவிலும் பாட்னா முதலிய சில நகரங்களில் விற்ற மஞ்சளில் ஈயம் மிகுந்திருந்ததாக 2024-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

ஒரு தேசத்தின் சந்தை முழுவதும் இரண்டு வருஷத்தில் சீர்ப்படக்கூடுமானால், ஒரு கிடங்கு சீர்ப்படுவது கடினமன்று. மெருகு போடும் இடத்தில் மஞ்சளைத் தவிர வேறு தூள் எதுவும் நுழையக்கூடாது. வெளி மெருகு ஆலைக்குச் சரக்கை அனுப்புபவர், ஒவ்வொரு அரவையையும் அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலைக்கு அனுப்பி ஈயத்திற்குச் சோதிக்கவேண்டும். கட்டணம் கைப்பிடிக்கிறதென்று இதை விட்டவருக்கு, பின்னால் எவ்வளவு விளம்பரம் செய்தாலும் உதவாது. விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. சுத்தமான தண்ணீரில் வேகவைப்பதும், சாணி மெழுகிய களத்தைத் தவிர்த்துத் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ உலர்த்துவதும், இத்தகைய வியாபாரிக்குச் சரக்குக் கொடுக்க விரும்புவோர் கைக்கொள்ளவேண்டிய வழக்கங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை அலுவலரும் இதை விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னால் உபகாரமாயிருக்கும்.

கணக்கு

உதாரணமாக, மஞ்சள் கிலோ 150 ரூபாய்க்குக் கொள்முதல் என்று வைத்துக்கொள்ளலாம். பொறுக்கல், கழிவு, அரவைக்கு 20 ரூபாய், உறை, அச்சு, அடைப்புக் கூலிக்கு 20 ரூபாய், ஆக 190. பத்துப் பொட்டலம், ஒவ்வொன்றும் 26 ரூபாய் என்று அச்சிட்டால் 260. கடைக்காரருக்கு 39, வரிக்கு 12, வண்டி வாடகைக்கு 10 கழிந்தால் நிற்பது 199. கிலோவுக்கு மீதி 9 ரூபாய். பத்தில் ஒரு பொட்டலம் வண்டு விழுந்தோ தையல் பிரிந்தோ திரும்பி வந்தாலே அந்த 9 ரூபாயும் போய், கைமுதலும் குறையும். விளம்பரச் செலவு இக்கணக்கில் இன்னும் வரவில்லை. கடன் பாக்கியும் வரவில்லை. மண்டியில் ஒரு லாரிச் சரக்குக்கு ஒரே பாக்கிக்காரர்; பொட்டல வியாபாரத்தில் அதே சரக்குக்கு இருநூறு கடைக்காரர் பாக்கிக்காரர்.

ஆகையால் விலையைக் குறைத்துப் பெரிய மார்க்குகளோடு போட்டியிடுவது சிறு வியாபாரிக்கு ஆகாத காரியம். அவர் தம் சரக்குக்குச் சற்று அதிக விலை கேட்கவேண்டியவர். அதற்குக் காரணம் காட்டக்கூடியவராகவும் இருக்கவேண்டும். விளைந்த தாலூகா, அறுவடை வருஷம், அரவை எண், சோதனைச் சீட்டு ஆகியவையே அவர் காட்டக்கூடிய காரணங்கள். பெரிய கம்பெனிகள் பல ராஜ்யங்களின் மஞ்சளைக் கலந்து அரைப்பதால் இவற்றைக் காட்டுவது அவர்களுக்கு எளிதன்று.

கலிபோர்னியா விவசாயிகள் செய்தது

பெயரில்லாத சரக்குக்குப் பெயர் கொடுத்த காரியத்தில் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவின் ஆரஞ்சு விவசாயிகள் செய்தது படிக்கத்தக்கது. 1893-ல் அவர்கள் கூடி விற்பனைச் சங்கம் ஒன்று அமைத்தனர். 1907-ல் முதன்முதலாக விளம்பரம் செய்தபோது நாடு முழுவதையும் பிடிக்க முயலவில்லை. அயோவா என்ற ஒரே ராஜ்யத்தில் மட்டும் செய்து பார்த்தனர். அங்கே அவ்வருஷம் விற்பனை ஒன்றரை மடங்காயிற்று. அதற்குப் பிறகே, 1908-ல், “சன்கிஸ்ட்” என்ற பெயரைச் சூட்டினர். முதல் தரப் பழத்திற்கு மட்டும் அப்பெயர்; இரண்டாந்தரத்திற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டனர். சில கடைக்காரர்கள் வேறு பழங்களை அதே பெயர் சொல்லி விற்றபோது, பழத்தைச் சுற்றிய காகித உறைகளைச் சேர்த்து அனுப்புவோருக்கு ஒரு கரண்டி பரிசு என்று அறிவித்தனர். வாங்குவோர் உறையைக் கேட்டுப் பார்த்து வாங்கத் தொடங்கினர். 1926 முதல் பழத்தோலின் மேலேயே பெயரை முத்திரையிட்டனர்.

ஈரோட்டு வியாபாரிக்கு அயோவா என்பது ஒரு தாலூகா, அல்லது நடந்தே போய்வரக்கூடிய நாற்பது கடை. ஆறு மாதம் அந்த நாற்பது கடைகளுக்கும் தாமே போய், எது விற்றது, எது தங்கியது, இரண்டாந்தடவை யார் வாங்கினார் என்று குறித்துவரவேண்டும். முதல் தடவை வாங்கியவர்களின் எண்ணிக்கை விளம்பரத்தைக் காட்டும்; இரண்டாந்தடவை வாங்கியவர்களின் எண்ணிக்கையே சரக்கைக் காட்டும். இக்கணக்குத் தேறாதவரையில் மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி என்று சரக்கைப் பெருக்குவது தவறு. இரண்டாந்தர மஞ்சளை மண்டியிலேயே பழையபடி விற்றுவிடலாம். அவசரத்திற்கு ஒரு தடவை அதை மார்க்குப் பொட்டலத்தில் போட்டால் அம்மார்க்குக்கு அன்றே ஹானி.

பெயரும் சட்டமும்

பெயரைத் தேர்ந்தெடுக்கையில் “சுத்தம்”, “அசல்” முதலிய குணப்பெயர்களையும் வெறும் ஊர்ப்பெயரையும் தவிர்க்கவேண்டும். இவை எல்லோருக்கும் பொதுவானவையாதலால் இவற்றைத் தனியொருவர் பேரில் பதிவது அரிது. ஈரோடு மஞ்சள் என்ற பெயர் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அது அப்பகுதிக்குரிய பொதுச் சொத்து. அதிகாரம் பெற்ற உபயோகிப்பாளராய்ப் பதிந்துகொண்டவர் மட்டுமே அதைத் தம் பொட்டலத்தில் போடலாம். வேறு ராஜ்யத்து மஞ்சளை அப்பெயரால் விற்பது குற்றமாகும். அக்மார்க் முத்திரை 1937-ம் வருஷத்துச் சட்டத்தின்படி தரத்திற்காக அளிக்கப்படுவது; அதற்குத் தனி அனுமதி வேண்டும். சொந்த மார்க்கு இவ்விரண்டினின்றும் வேறானது. ஒருவருக்கே உரிய அது, 10 வருஷத்திற்குப் பதியப்பட்டு மேலும் மேலும் புதுப்பிக்கத்தக்கது.

மசாலாச் சரக்குகள் பதிவில் 30-ம் வகுப்பைச் சேர்ந்தவை. உறை அச்சிடுமுன் அவ்வகுப்பில் அதே பெயரோ, ஒலியில் ஒத்த பெயரோ இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவேண்டும்; அச்சடித்த உறைகளை எரிக்க நேர்வது வீண் நஷ்டம். பதிவு கிடைக்குமுன் வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடுவது தண்டனைக்குரியது. தயாரிப்பவர் பெயரும் விலாசமும், நிகர எடை, கட்டிய மாதமும் வருஷமும், அரவை எண், அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவெண், புகாருக்குரிய தொலைபேசி எண் ஆகியவை பொட்டலத்தின்மேல் தெளிவாக இருக்கவேண்டும்.

மார்க்குக்கான விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டுப் பத்திரிகையில் வெளியான பிறகு, பிறர் ஆட்சேபிக்க 4 மாதத் தவணை உண்டு. மஞ்சளோ நிலத்தில் ஏறக்குறைய ஒன்பது மாதம் நிற்கும் பயிர். வைகாசி, ஆனியில் விதைமஞ்சள் ஊன்றும்போதே விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டால், தை, மாசியில் புதுமஞ்சள் களத்திற்கு வருமுன் அப்பெயருக்குத் தடை உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்; உறை அச்சிடுவதை அதுவரையில் நிறுத்திவைக்கலாம்.