பம்புசெட் பலகையில் சூடேறும் ஒயர் இணைப்புகள்

நிலக்கடலையில் விழுது இறங்கும் பருவத்திலும், நெல்லில் கதிர் உருவாவது முதல் பூக்கும் வரையிலும் தண்ணீர் தட்டுப்பட்டால், பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்த மகசூலைத் திரும்பப் பெற இயலாது. அத்தகைய நாட்களில் மோட்டார் காயில் கருகி, கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், ஏற்படும் நட்டம் பழுது பார்க்கும் கூலியோடு நிற்பதில்லை. காயில் கருகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் அதிகச் செலவின்றித் தடுக்கக்கூடியது ஒன்று உண்டு. மெயின் சுவிட்சு, பியூஸ் கட்டை, ஸ்டார்ட்டர், மோட்டார் டெர்மினல் பெட்டி ஆகியவற்றில் ஒயர் இணைப்பு தளர்ந்து சூடேறுவதே அது.

ஏன் சூடேறுகிறது?

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஒவ்வொரு பேஸிலும் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். ஒயர் சுத்தமாகவும் திருகு இறுக்கமாகவும் இருந்தால் இணைப்பின் தடை மிகச் சொற்பம். திருகு தளர்ந்து தடை அரை ஓம் அளவிற்கு உயர்ந்தால், அவ்விடத்தில் சுமார் 28 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சிறிய சூட்டுக்கோலின் திறனே 25 வாட்தான். அவ்வளவு வெப்பம் ஒரு திருகு முனையில் தேங்கும்போது, 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் பி.வி.சி. உறை இளகிக் கருகுகிறது. சூட்டினால் செம்பு கறுக்கிறது. தடை மேலும் கூடுகிறது. முடிவில் அந்த பேஸ் விட்டுப்போய், மீதி இரண்டு பேஸ்களில் ஓடும் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துக் கருகுகிறது.

தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை, வெப்பம்தான் கூடுகிறது. ஆகையால் வேறிடத்தில் உள்ள பியூஸ் போய் நம்மை எச்சரிக்காது. நாமே கண்டறிய வேண்டும்.

இணைப்பு கெடுவதற்கான காரணங்கள்

மோட்டார் ஓடும்போது இணைப்பு விரிவதும் நின்றபின் சுருங்குவதும், இடைவிடாத அதிர்வும் திருகுகளைத் தளர்த்தும். அலுமினிய ஒயர் திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிக் கொடுக்கும். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மின்சாரம் கடத்தாத படலம் படியும். அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்து முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும்.

மோட்டார் அறையில் உர மூட்டைகளை அடுக்குவதும் கெடுதலே. உரத்திலிருந்து வரும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பொட்டாஷ் உரத்தின் உப்புத்தூசி ஈரத்தோடு சேர்ந்து இதே தீங்கைச் செய்யும். உரத்திற்கு வேறு இடம் ஒதுக்க வேண்டும்.

அறிகுறிகள்

1. பெட்டியருகே கருகிய வாடை. சில சமயம் மீன் வாடை போன்ற நாற்றம்.
2. ஒயர் உறை பழுத்து விறைத்திருத்தல், திருகு கறுத்திருத்தல்.
3. பியூஸ் கம்பி திருகின் அருகே உருகியிருத்தல். அதிகச் சுமையினால் போகும் கம்பி பெரும்பாலும் நடுவில் உருகும். திருகின் பக்கம் உருகியிருந்தால் அந்தத் திருகையே சந்தேகிக்க வேண்டும். தடித்த கம்பி கட்டுவது இதற்கு மருந்தாகாது.
4. மின்னோட்டம் சரியாக இருந்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுதல். ரிலேயின் திருகு தளர்ந்து சூடேறினால் அந்தச் சூடே ரிலேயை விழச் செய்யும். இதை அறியாமல் ரிலேயின் அளவைக் கூட்டி வைத்தால் மோட்டாருக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும்.

மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியபின் கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ்களையும் அளக்கச் சொல்லலாம். மூன்றிலும் மின்னோட்டம் சமமாக இருந்து, ஓர் இணைப்பு மட்டும் சூடாக இருந்தால் குறை அந்த இணைப்பில்தான். மூன்றிலும் அதிகமாக இருந்தால் சுமையையோ மின்னழுத்தத்தையோ கவனிக்க வேண்டும். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி இருந்தால், பளபளக்கும் உலோகத்தின்மீது பிடிக்காமல் அதையொட்டிய ஒயர் உறையின்மீது பிடிக்க வேண்டும். மற்ற பேஸ்களைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாயிருந்தால் தாமதிக்கக் கூடாது.

கை வைக்கும் முன்

இவ்வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே செய்ய வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. தானியங்கி ஸ்டார்ட்டரும் கைப்பேசியில் இயங்கும் ஸ்டார்ட்டரும் எதிர்பாராமல் மோட்டாரை ஓட விட்டுவிடக்கூடும். கெப்பாசிட்டர் இருந்தால் ஐந்து நிமிடமாவது பொறுத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தபின்பே தொட வேண்டும். சுவிட்சை நிறுத்தினாலும் அதற்கு மின்சாரம் வரும் பக்கத்துத் திருகுகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அங்கோ மீட்டர் பக்கமோ குறை இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

கருகிய ஒயரை அப்படியே வைத்துத் திருகை மட்டும் முறுக்குவது பயன் தராது. கறுத்த செம்பும் சூட்டில் விறைப்பிழந்த வாஷரும் மீண்டும் சூடேறவே செய்யும்.

- பளிச்சென்ற செம்பும் மென்மையான உறையும் தென்படும் வரை ஒயரை வெட்டி நீக்க வேண்டும். நீளம் போதாவிட்டால் முறுக்கி ஒட்டுப் போடாமல் புது ஒயர் மாற்ற வேண்டும்.
- ஒயரின் அளவிற்கேற்ற லக் போட்டு, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். சுத்தியால் நசுக்குவதும், லக்கில் நுழையவில்லை என்று இழைகளைக் கத்தரிப்பதும் கூடாது.
- அலுமினிய ஒயரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, உடனே அதற்குரிய பசையைத் தடவி அலுமினிய லக் போட வேண்டும். செம்போடு சேருமிடத்தில் இருவுலோக லக் தேவை.
- கறுத்த திருகு, வாஷர், பியூஸ் கட்டை ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். கரி படிந்த அடிக்கட்டையில் மின்சாரம் கசியும். அதையும் மாற்ற வேண்டும்.
- உறை திருகின் அடியில் சிக்காதபடி முடுக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் அரை மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மின்சாரத்தை நிறுத்தி இறுக்கம் பார்க்க வேண்டும். அதன்பின் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறையும், கோடைப் பாசனம் தொடங்குமுன் ஒரு முறையும் பார்த்தால் போதும். விதைப்பதற்கு முன் விதையைச் சோதிப்பது போலவே, முதல் தண்ணீர் பாய்ச்சும் முன் பம்புசெட் பலகையையும் சோதிக்கும் வழக்கத்தை உழவர் பெருமக்கள் கைக்கொண்டால், பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் நாளில் மோட்டார் நின்றுபோவதைத் தவிர்க்கலாம்.