சுரங்கமும் மழைநீரும்: தற்காலிக வடிகால்கள் பற்றிய ஒரு நோக்கு

தன்னாமுனையில் வாவிக்கரையோரம் வாழ்வோருக்கு வடிகால் புதிய பொருளன்று. மாரியில் வாவி பெருகுங்கால் முகத்துவாரத்து மணல்திட்டை எப்பொழுது வெட்டிவிடுவது என்ற வினா எழும். வயல் மூழ்கியோர் விரைந்து வெட்டுமாறு கோருவர்; வாவி மீனை நம்பியோர் பொறுக்குமாறு கூறுவர். எனவே நீரை வெளியேற்றுதல் பொறியியற் பிரச்சினை மட்டுமன்று; நலன்களின் பிரச்சினையுமாகும். இதனைத் தெளிவாகக் காட்டும் களம் திறந்தவெளிச் சுரங்கமாகும்.

சுரங்க வடிகாலமைப்பிற்கு மூன்று படிகள் உள. முதலாவது, மேட்டுப்புறத்து நீர் குழிக்குள் இறங்காதவாறு விளிம்புக்கு வெளியே வாய்க்கால் வெட்டுதல். இரண்டாவது, குழிக்குள்ளேயே பெய்த நீரை அதன் மிகத் தாழ்ந்த இடத்திற் சேர்த்து இறைத்தல். மூன்றாவது, அந்நீரின் வண்டலைக் குட்டையிற் படியவிட்டபின் ஆற்றில் விடுதல். சுரங்கமுகம் நாளும் முன்னேறுவதால் இவ்வாய்க்கால்கள் பெரும்பாலும் தற்காலிகமானவை.

வாய்க்காலின் அளவு கணக்கினால் அமைவது. 10 ஹெக்டயர் நிலத்தில் மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை பெய்கிறது எனவும், அதில் பத்தில் ஆறு பங்கு வழிந்தோடுகிறது எனவும் கொள்வோம். மணித்தியாலத்துக்கு 3,000 கனமீற்றர், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 0.83 கனமீற்றர் நீர் வரும். நீர் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்திற் செல்லுமாயின், அடியகலம் 0.5 மீற்றரும் நீராழம் 0.6 மீற்றரும் சாய்ந்த கரைகளும் உடைய வாய்க்கால் போதும். கரைகள் ஒரு மீற்றர் உயர்வுக்கு ஒன்றரை மீற்றர் விரிதல் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலும் 0.3 மீற்றர் கரை வேண்டும். வேகம் மிகின் மண் அரிக்கும்; குறையின் வண்டல் தூர்க்கும். மணற்பாங்கான நிலத்தில் வாய்க்காலை அகலமாக்கி வேகத்தைக் குறைத்தல் அல்லது கல் பாவுதல் அவசியமாகும்.

இனி நெய்வேலியை நோக்குவோம். 1956 இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம் மட்டக்களப்பை நனைக்கும் அதே வடகீழ்ப் பருவமழையை எதிர்கொள்கிறது. மேலிருந்து மழையும், நிலக்கரிப் படைக்கு அடியிலிருந்து அழுத்தமிக்க நிலத்தடி நீரும் அதற்குச் சவாலாயின. சுரங்கம் விரிந்தபோது பரவனாற்றையே இடம்மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கான கால்வாயை வெட்ட 2023 யூலை 26 இல் மேல் வளையமாதேவியில் விளைந்துநின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். உரிய ஈடும் வேலையும் கிடைக்கவில்லை என்றனர் விவசாயிகள். பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது.

பள்ளத்தை நோக்கி ஓடுதல் நீரின் இயல்பு. எப்பள்ளத்தை நோக்கி, எவர் வயலினூடாக என்பதைத் தீர்மானிப்பவை உற்பத்தி உறவுகளே. பயிர் அறுவடையாகும்வரை காத்திருக்கவேண்டிய நாள்களையும் வடிகாற் கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்த்தல் வேண்டும். அவ்வெண் விடுபட்ட கணக்கு, எத்துணை நுண்ணியதாயினும், நிறைவுற்றதெனக் கொள்ளத்தக்கதன்று.