பாட்டால் எழுந்து நின்ற நாடு

எஸ்டோனியா என்ற பெயரை நம்மில் பலர் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பின்லாந்துக்குத் தெற்கே, பால்டிக் கடலோரம் உள்ள சிறிய நாடு. மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். மகள் குடும்பம் தலைநகர் தாலினில் இருப்பதால், ஒரு கோடையில் என் மனைவியும் நானும் அங்கே போய்த் தங்கினோம். பார்த்தவற்றுள் என் மனதில் நின்றது கோட்டையோ தேவாலயமோ அல்ல. ஒரு திறந்தவெளி மேடை.

சரிவான பெரிய புல்வெளி. அதன் அடிவாரத்தில் 1960ஆம் ஆண்டு கட்டிய மேடை. ரயில்வேயில் பாலங்களோடு காலம் கழித்தவன் ஆதலால் முதலில் கூரையைத்தான் பார்த்தேன். பாடுபவர்களை மறைக்க முன்புறம் ஒரு தூண்கூட இல்லை. அவர்கள் குரலை வாங்கிப் புல்வெளியின் உச்சிவரை அனுப்பும்படி கூரை வளைந்திருக்கிறது. ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை இங்கே பாட்டுத் திருவிழா நடக்கிறது. 2019இல் நடந்த 150ஆம் ஆண்டு விழாவில் 30,000 பேருக்கு மேல் ஒன்றாகப் பாடினார்கள்.

இதன் தொடக்கம் 1869இல், டார்ட்டு என்னும் ஊரில். அப்போது ஆட்சி ரஷ்யப் பேரரசருடையது. நிலமெல்லாம் ஜெர்மானியப் பிரபுக்களுடையது. எஸ்டோனிய மொழி குடியானவன் பேச்சு என்று இளப்பமாகக் கருதப்பட்ட காலம். பண்ணையடிமை முறை ஒழிந்து ஐம்பதாண்டு ஆனதைக் கொண்டாட, பத்திரிகையாளர் யான்சென் முன்னின்று அந்த விழாவை நடத்தினார். அவருடைய மகள் கொய்டுலா எழுதிய இரண்டு கவிதைகள் அங்கே இசையோடு பாடப்பட்டன.

கிராமத்துப் பழம்பாடல்களோ அதற்கும் வெகு மூத்தவை. ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். நாம் மோனை என்கிறோமே, அதுதான் அவற்றுக்கும் உயிர். 1888இல் யாக்கோப் ஹுர்ட் என்ற பாதிரியார் பத்திரிகை மூலம் வேண்டுகோள் விடுத்தார். ஊர் ஊராக மக்களே எழுதி அனுப்பிய பாடல்களும் கதைகளும் ஒரு லட்சம் பக்கங்களைத் தாண்டின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு சோவியத் ஆட்சியில் இருந்தது. தேசிய கீதத்துக்குத் தடை. கொய்டுலாவின் 'என் தாய்நாடே என் அன்பு' என்ற கவிதைக்கு எர்னெசாக்ஸ் 1944இல் புது மெட்டு அமைத்திருந்தார். 1947 விழாவில் அது பாடப்பட்டது. பிறகு நிகழ்ச்சி நிரலிலிருந்து மறைந்தது. அந்த விழாவை வழிநடத்திய வெட்டிக், பேட்ஸ், காரிண்டி ஆகிய மூவரும் 1950இல் கைதானார்கள். பல ஆண்டுகள் சிறைமுகாமில் கழித்த பின்பே வீடு திரும்பினார்கள். ஆனாலும் 1960 விழாவில் பாடகர்களும் கூட்டமும் சேர்ந்து அதே பாட்டைப் பாடிவிட்டார்கள். சட்டம் தடுத்த தேசிய கீதத்தின் இடத்தில் இந்தப் பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

1988 ஜூன் மாத இரவுகளில் இளைஞர்கள் இதே புல்வெளியில் கூடி விடியவிடியப் பாடினார்கள். அந்த செப்டம்பர் 11ஆம் தேதி கூடியவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று சொல்கிறார்கள். 1991 ஆகஸ்ட் 20இல் நாடு மீண்டும் சுதந்திரம் பெற்றது. அந்தப் போராட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'பாடும் புரட்சி'.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 1944இல் உயிருக்கு அஞ்சிப் பல்லாயிரம் எஸ்டோனியர்கள் படகேறி ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் ஓடினார்கள். அங்கிருந்து பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் போனார்கள். போன இடமெல்லாம் பாடகர் குழு அமைத்தார்கள். 1972இல் டொராண்டோவில் உலக எஸ்டோனியர் விழாவே எடுத்தார்கள். பிறந்த மண்ணைக் கண்ணால் பாராத பிள்ளைகளும் அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடினார்கள்.

புல்வெளியின் உச்சியில் எர்னெசாக்ஸ் வெண்கலச் சிலையாக உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அருகில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் என் பேரன் தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் பாடியது நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு அது குறையாகத் தெரிந்தது. இப்போது, பாடினானே என்று தோன்றுகிறது. எழுத்தை இனி நான் கற்றுத் தரவேண்டும்.