பதனீர் குடிக்க வந்தவர் ஏக்கர் கேட்டால்

பங்குனி பிறந்துவிட்டால் உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் வெளியூர் கார்கள் அதிகமாகிவிடும். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு, மணப்பாடு கடற்கரையைப் பார்த்துவிட்டு, தேரிக்காட்டுப் பனை நிழலில் நின்று ஒரு பட்டை பதனீர் குடிப்பார்கள். குடித்து முடித்ததும் அடுத்த கேள்வி, "அண்ணாச்சி, இங்கே ஒரு ஏக்கர் கிடைக்குமா?" உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள்.

அந்த ஆசையில் தவறில்லை. நாசிக் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபோது எனக்கும் அது வந்தது. அங்கே சுலா நிறுவனம் 2005-ல் ஒயின் சுவைக்கும் கூடம் திறந்தது. இன்று ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் போகிறார்கள். கொடிகளுக்கு நடுவே நடந்து, இரண்டு நாள் தங்கி, இங்கேயே இருந்துவிடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு பாட்டிலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

நம்மிடம் வருபவர் சில நேரம் முன்பணத்தோடு வருகிறார். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய பிறகு தரகர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். திராட்சைக் கொடியை அழித்தாலும், மறுபடி நட்டால் மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வந்துவிடும். பனங்கொட்டை ஊன்றினால் பாளை பார்க்க 12 முதல் 15 ஆண்டுகள், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். இன்று விற்கும் பனை, உங்கள் வயதில் திரும்பி வராது. மரத்தை வெட்டாமல் வேலி மட்டும் போட்டாலும் தொழில் நின்றுவிடும். பருவம் முழுக்கக் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும்; சீவாவிட்டால் ஊறல் நின்றுபோகும். வெளியூர்க்காரர் பூட்டிவிட்டுப் போன தோட்டத்துக்குள் பனையேறி எப்படிப் போவார்?

கல்யாணம், கடன் என்று விற்றே ஆகவேண்டிய நிலை வரலாம். அப்போதும் பனை அடர்ந்த துண்டை வைத்துக்கொண்டு மற்றதைப் பேசுங்கள். முடியாவிட்டால், மரங்களைப் பனையேறிக்குப் பாட்டத்துக்கு விடும் உரிமையை எழுத்தில் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்ததையும் வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

நிலம் விற்காமலே இந்த ஆசையில் நமக்கு வருமானம் உண்டு. வருபவரை அதிகாலையில் விடிலிக்கு அழையுங்கள். கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறோம் என்று காட்டுங்கள். திராட்சைச் சாறு ஒயின் ஆவதும் பதனீர் கள்ளாவதும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் வேலைதான். சுண்ணாம்பு அந்த வேலையைத் தடுக்கிறது. பத்து லிட்டர் பதனீரைக் காய்ச்சினால் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ கருப்பட்டிதான் தேறும். கொதிக்கும் பாகைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், சிரட்டையில் ஊற்றியதைக் கையால் தொட்டவர், சீனி கலக்காத கருப்பட்டிக்கு நீங்கள் சொல்லும் விலையில் பேரம் பேசமாட்டார். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் சந்தையில் சீனி கலந்த சரக்கோடு மல்லுக்கட்ட, வாங்குபவர் கண்ணால் பார்த்ததைவிட நல்ல சான்று இல்லை.

சுற்றிக் காட்டுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூச்சப்பட வேண்டாம். அதில் ஒரு பங்கை மரம் ஏறுபவருக்கும் பாகு கிண்டும் பெண்களுக்கும் கொடுங்கள். யாராவது கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். படம் எடுக்க மரத்தில் ஏறுகிறேன் என்பவரை, எவ்வளவு பணம் நீட்டினாலும் ஏறவிடாதீர்கள்.