மாற்றல் உத்தரவும் வாடகை ஒப்பந்தமும்

செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்தில் மறைமலை நகரை அடுத்து வரும் சிங்கப்பெருமாள் கோவில், பல்லவர் காலக் குடைவரையில் எழுந்தருளியிருக்கும் நரசிம்மரால் நெடுங்காலமாகப் பிரசித்தி பெற்ற ஊர். ஆயினும் ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை நெடுகிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்தபின், அது வாடகைக்குக் குடியிருப்போரின் ஊராகவும் ஆகிவிட்டது. அவர்களில் பலர் அங்கேயே நிலைத்துவிடும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். மேற்பார்வையாளரைக் கம்பெனி புனேவுக்கு மாற்றும். அல்லது மறைமலை நகர் விஷயத்தில் ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்ததுபோல், உற்பத்தியே நிறுத்தப்படும். அதே தடத்திலுள்ள தாம்பரம் விமானப்படைத் தளத்திலோ, பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலோ பணிபுரிந்து, குவார்ட்டர்ஸ் கிடைக்காமையால் வெளியே வீடெடுத்திருப்பவரின் நிலை இன்னும் கடினமானது. கம்பெனி ஊழியர் ராஜினாமா செய்தேனும் மாற்றலை மறுக்கலாம். சிப்பாய்க்கு அந்த உபாயமும் இல்லை.

அத்தகையவர் பாதியிலே வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் நம் சட்டம் என்ன சொல்கிறது? ராணுவத்தாரை நம் சட்டங்கள் அடியோடு மறந்துவிடவில்லை. விசேஷ நிலைமைகளில் பணிபுரியும் சிப்பாய்மீது நடக்கும் சிவில் வழக்கை ஒத்திவைக்க 1925ஆம் ஆண்டின் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் வகை செய்கிறது. ஓய்வுபெற்ற படைவீரர் தம் சொந்த வீட்டை வாடகைதாரரிடமிருந்து விரைவில் மீட்டுக்கொள்ள டெல்லி வாடகைச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. அதாவது, வழக்கில் சிக்கிய சிப்பாயும் வீட்டுக்காரரான சிப்பாயும் சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறார்கள். மூட்டை கட்ட வேண்டிய குடித்தனக்காரரான சிப்பாய் மட்டும் படவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் இவருக்கென்று தனிச் சலுகை எதையும் வகுக்கவில்லை.

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் ராணுவத்தார் நிவாரணச் சட்டம் இதை நேரடியாகவே எதிர்கொண்டது. நிரந்தர மாற்றலுக்கோ, குறைந்தது 90 நாள் வெளிப்பணிக்கோ உத்தரவு பெற்றவர், அதன் நகலுடன் எழுத்து மூலம் அறிவித்தால் போதும். மாத வாடகையாயின், அடுத்த வாடகை நாளிலிருந்து 30 நாளில் குத்தகை முடிவுறும். ஜூன் 10ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தவர் ஜூலை இறுதியில் விடுதலை பெறுகிறார். இடையில் முறித்ததற்கென அபராதமும் இல்லை. வீட்டுக்காரருக்கும் வேறு ஆள் தேட அவகாசம் கிடைப்பதால், இதை ஒருதலைப்பட்சமான தர்மம் என்று நான் கருதவில்லை.

இங்கோ எல்லாம் பத்திரத்தைப் பொறுத்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விதித்திருப்பதால், பதினொரு மாத ஒப்பந்தம் நம்மவர் வழக்கமாயிற்று. அதில் இரு தரப்பும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் தந்து விலகலாம் என்றிருந்தால் கவலையில்லை. 'லாக்-இன்' என்று குறிப்பிட்ட மாதங்கள் வெளியேறக் கூடாதென்று எழுதியிருந்தால்தான் வில்லங்கம். அப்போதும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் கண்ட தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈட்டையே நீதிமன்றம் வழங்கும். ஆனால் வாரக் கடைசியில் ரயிலேற வேண்டியவர் எந்த நீதிமன்றத்தின் படியை ஏறுவார்?

ஆதலால் அட்வான்ஸ் கொடுக்குமுன்பே ஒரு ஷரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது உத்தமம்: மாற்றல் உத்தரவின் நகலைத் தந்து முப்பது நாள் அவகாசம் கொடுத்தால் லாக்-இன் செல்லாது, அட்வான்ஸில் பிடித்தமும் இல்லை என்பதே அது. வாடகையையே ஜீவனமாகக் கொண்ட வீட்டுக்காரர்கூட, காரணம் முன்னமே தெரிந்திருந்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். சென்னை வட்டாரத்தின் பழைய பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்துக்கு மாறாக, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்கிறது புதிய சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நிலுவை போக மீதியைத் திருப்பித் தரவும் வேண்டும். பெயிண்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையைக் கழிக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறதே என்றால், வெள்ளையடிப்பதை அச்சட்டத்தின் அட்டவணை வீட்டுக்காரர் பொறுப்பிலேயே சேர்த்திருக்கிறது. பத்திரத்தில் மாற்றி எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அந்தச் சலுகையும் கைநழுவும்.